லூயி பாஸ்ச்சர்

லூயி பாஸ்ச்சர் (டிசம்பர் 27, 1822 – செப்டம்பர் 28, 1895) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த வேதியியலாளரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். நொதித்தலுக்கு உயிருள்ள நுண்ணுயிர்களே காரணம் என்பதை நிறுவியவர். பால், திராட்சை மது முதலியவற்றை இளஞ்சூட்டில் காய்ச்சிக் கெடாமல் காக்கும் பாஸ்ச்சர் முறை இவர் பெயரால் அழைக்கப்படுகிறது. பொதுமக்களிடையே இவருக்குப் பெரும்புகழ் தந்தது வெறிநாய்க்கடி நோய்க்கு (ஈழத்தில் விசர்நாய்க்கடி நோய்) இவர் உருவாக்கிய தடுப்பு மருத்துவம் ஆகும்.

வெறிநாய்க்கடி நோய் ஒரு தீ நுண்மம் மூளையைத் தாக்குவதால் உண்டாவது. அந்நோய் பற்றிய இவரது ஆய்வு ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பாகவே பெரும்பாலும் பாடநூல்களில் சொல்லப்படுகிறது. ஆனால் ஆய்வுக்கூடம், நாய்க்கூடங்களுக்கான நிலம், முடிவுகளைச் சரிபார்த்த குழு ஆகிய மூன்றிலும் பிரெஞ்சு அரசின் பங்கு இருந்தது. அப்பகுதி இக்கட்டுரையில் சற்று விரிவாகத் தரப்படுகிறது.

இளமை

பாஸ்ச்சர் கிழக்குப் பிரான்சில் யூரா மலைப்பகுதியைச் சேர்ந்த டோல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ழான் ழோசப் பாஸ்ச்சர் நெப்போலியனின் படையில் பணிபுரிந்து விருது பெற்றவர். பின்னர் தோல் பதனிடும் தொழில் செய்தார். குடும்பம் அர்புவா என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. பாஸ்ச்சர் அங்கேயே வளர்ந்தார்.

1831ஆம் ஆண்டு வெறிபிடித்த ஓநாய் ஒன்று அர்புவாவின் சுற்றுப்புறத்தில் பலரைக் கடித்தது. அக்காலத்தில் இதற்கு இருந்த ஒரே மருத்துவம் கடிவாயைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதே. கடிபட்டவர்கள் பாஸ்ச்சரின் வீட்டருகே இருந்த கொல்லன் பட்டறைக்குக் கொண்டுவரப்பட்டுச் சுடப்பட்டனர். அப்படியும் பலர் நோய் கண்டு இறந்தனர். அப்போது பாஸ்ச்சருக்கு வயது 8.

பள்ளியில் அவர் ஓவியத்தில் தேர்ந்தவராக இருந்தார். 1843இல் பாரிசில் உள்ள எக்கோல் நோர்மால் உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்து வேதியியல் பயின்றார். 1847இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே டார்ட்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களில் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போன்ற இருவகை இருப்பதைக் கண்டு, அவற்றைக் கையாலேயே பிரித்துக் காட்டினார். 1849இல் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும்போது மாரி லொரான் என்பவரை மணந்தார். கணவரின் ஆய்வுக் குறிப்புகளை எழுதுவதில் மாரி வாழ்நாள் முழுதும் துணைநின்றார். இவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தனர். 1859இலும் 1866இலும் இரு மகள்கள் டைபாய்டு காய்ச்சலாலும், இடையில் 1865இல் மற்றொரு மகள் வேறொரு நோயாலும் இறந்தனர்.

பணமில்லாத ஆய்வுக்கூடம்

1854இல் லீல் நகர அறிவியல் புலத்தின் தலைவரானார். அங்கு பீட்டுக்கிழங்கிலிருந்து சாராயம் வடிப்போர் கொண்டுவந்த சிக்கல்கள் அவரை நொதித்தல் ஆய்வில் இறக்கின. 1857இல் எக்கோல் நோர்மாலில் அறிவியல் படிப்புகளின் இயக்குநராகப் பாரிசு திரும்பினார். பதவி பெரிது, ஆனால் ஆய்வுக்கூடம் இல்லை. ஆய்வுச் செலவுக்கு அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் இடமில்லை என்று கல்வி அமைச்சகம் கூறிவிட்டது. கட்டிடத்தின் மேல்தளத்துப் பரணில், தம் சொந்தச் செலவில் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டார். தானே தோன்றல் கொள்கையை மறுத்த புகழ்பெற்ற ஆய்வுகள் இத்தகைய நெருக்கடியான இடங்களிலேயே நடந்தன.

அரசு அவரை முதலில் நாடியது பொருளாதாரக் காரணங்களுக்காகவே. மது கெட்டுப்போவதை ஆராயுமாறு மூன்றாம் நெப்போலியன் 1863இல் கேட்டுக்கொண்டார். 1865இல் தெற்குப் பிரான்சின் பட்டுத் தொழில் பட்டுப்புழு நோயால் அழிந்துகொண்டிருந்தபோது, அவரது ஆசிரியரும் முன்னாள் அமைச்சருமான ழான் பத்தீஸ்த் துய்மா அவரை அலேஸ் நகருக்கு அனுப்பச் செய்தார். அதுவரை பட்டுப்புழுவைக் கையில் தொட்டிராத பாஸ்ச்சர் ஐந்தாண்டுகள் இதில் உழைத்து, நோயற்ற முட்டைகளை நுண்நோக்கியால் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தார்.

இவ்வெற்றிகளின் துணிவில் 1867இல் பேரரசருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி ஆய்வுக்கூடம் கேட்டார். 1868இன் தொடக்கத்தில் அறிவியல் வரவுசெலவு பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். நாட்டின் தலைசிறந்த அறிஞர்கள் ஈரம் படிந்த நிலவறைகளில் பணிசெய்து நோயுறுவதையும், அண்டைநாடான ஜெர்மனியில் பெரும் ஆய்வுக்கூடங்கள் எழுவதையும் அதில் எடுத்துக்காட்டினார். அரசின் அதிகாரபூர்வ நாளிதழ் அதனை வெளியிட மறுத்தது. வேறோர் அறிவியல் இதழில் அது வெளிவந்தது. பேரரசர் அறிஞர்களை அழைத்துப் பேசினார். பாஸ்ச்சரின் ஆய்வுக்கூடத்துக்கு ஒப்புதல் கிடைத்துக் கட்டுமானம் தொடங்கியது.

1868 அக்டோபர் 19 அன்று பாஸ்ச்சருக்கு மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டு இடப்பக்கம் செயலிழந்தது. அவர் பிழைக்கமாட்டார் என்று எண்ணிய அதிகாரிகள் கட்டிட வேலையை நிறுத்திவிட்டனர். படுக்கையில் இருந்த அவர் இதனை அறிந்து மனம் வருந்தினார். செய்தி பேரரசருக்கு எட்டிய பின்னரே பணி மீண்டும் தொடங்கியது. இடக்கையும் இடக்காலும் முழுமையாகக் குணமாகவில்லை. பிற்காலத்தில் நுட்பமான கைவேலை வேண்டிய ஆய்வுகளைப் பெரும்பாலும் உதவியாளர்களே செய்தனர். வெறிநாய்க்கடி ஆய்வில் எமில் ரூவின் பங்கைப் புரிந்துகொள்ள இது தேவையான செய்தியாகும்.

1870–71 போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது. அரை நூற்றாண்டாக அறிவியலைப் புறக்கணித்ததே தோல்விக்குக் காரணம் என்று பாஸ்ச்சர் எழுதினார். அவரது நாட்டுப்பற்றின் மிகையையும் இதில் காணலாம். எனினும் புதிய குடியரசு அவரது வாதத்துக்குச் செவிசாய்த்தது. 1874இல் நாடாளுமன்றம் அவருக்கு ஆண்டுக்கு 12,000 பிராங்கு ஓய்வூதியம் வழங்கியது. 1883இல் இத்தொகை 25,000 பிராங்காக உயர்த்தப்பட்டது. அவருக்குப் பின் மனைவிக்கும் மக்களுக்கும் கிடைக்குமாறும் செய்யப்பட்டது.

வெறிநாய்க்கடி நோய்

நோயின் இயல்பைச் சுருக்கமாக அறிந்தால்தான் பாஸ்ச்சர் எதிர்கொண்ட சிக்கல் விளங்கும். வெறிபிடித்த விலங்கின் உமிழ்நீரில் உள்ள தீ நுண்மம் கடிவாய் வழியே தசைக்குள் செல்கிறது. அங்கிருந்து நரம்பு இழைகளுக்குள் நுழைந்து, அவற்றின் வழியாகவே மெல்ல மேலேறித் தண்டுவடத்தையும் மூளையையும் அடைகிறது. பெரும்பாலும் இதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். தலை, முகம் போன்ற மூளைக்கு அருகிலுள்ள இடங்களில் கடிபட்டால் காலம் குறையும். மூளையை அடைந்தபின் அழற்சி தோன்றுகிறது. விழுங்க முயன்றால் தொண்டைத் தசைகள் இறுகுவதால் நோயாளி தண்ணீரைக் கண்டாலே அஞ்சுவார். இந்நிலைக்குப் பின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை.

இந்நோயால் இறந்தோர் தொகை அன்றைய பிரான்சில் காசநோய், டைபாய்டு ஆகியவற்றோடு ஒப்பிடத் தக்கதன்று. ஆயினும் மக்கள் இதற்கு அஞ்சிய அளவு வேறெதற்கும் அஞ்சவில்லை. மற்றொரு வசதியும் இருந்தது. கடித்த நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையில் நீண்ட இடைவெளி உண்டு. தடுப்பாற்றல் தீ நுண்மத்தை முந்திக்கொண்டால் நோயாளி பிழைப்பார் என்பதே பாஸ்ச்சர் இறுதியில் வந்தடைந்த எண்ணம்.

1880 டிசம்பரில் ஆய்வு தொடங்கியது. கோழிக் காலரா, அடைப்பான் ஆகிய நோய்களின் கிருமிகளை வலுவிழக்கச் செய்து தடுப்பு மருந்தாக்கும் பணியில் அவர் அப்போது ஈடுபட்டிருந்தார். வெறிநோயின் கிருமியை அவ்வாறு குடுவையில் வளர்க்க முடியவில்லை. நோயால் இறந்த குழந்தையொன்றின் உமிழ்நீரிலிருந்து கிடைத்த கிருமி வேறொன்று எனப் பின்னர் தெரிந்தது. அது நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியா. உண்மையான காரணி அன்றைய நுண்நோக்கிகளுக்கு எட்டாத அளவு சிறியது. பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டிகளையும் அது கடந்துவிடுகிறது என்பது 1903இல்தான் காட்டப்பட்டது.

கண்ணால் காண முடியாத ஒன்றை எவ்வாறு வளர்ப்பது? லியோன் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த பியேர் விக்டர் கால்ட்டியே 1879இல் நோயை நாயிலிருந்து முயலுக்கு மாற்றிக் காட்டியிருந்தார். (பாஸ்ச்சரின் புகழில் மறைந்துபோனவர்களுள் இவரும் ஒருவர்.) நோயின் இருப்பிடம் உமிழ்நீர் மட்டுமன்று, மூளையும் நரம்புமண்டலமும்தான் என்று பாஸ்ச்சர் குழு கருதியது. நோயுற்ற மூளைப்பொருளை நேரடியாக நலமான நாயின் மூளை உறைக்குக் கீழ் செலுத்தலாம் என்று ரூ கூறினார். மண்டையோட்டில் துளையிடுவதைப் பாஸ்ச்சர் விரும்பவில்லை. அவர் இல்லாத நேரத்தில் ரூ அதனைச் செய்து, மறுநாள் அந்த நாய் நலமாக ஓடியாடுவதைக் காட்டியபின் அவரது தயக்கம் நீங்கியது. அந்த நாய்க்குச் சுமார் இரண்டு வாரத்தில் வெறிநோய் கண்டது. குடுவைக்குப் பதிலாக உயிருள்ள மூளையே வளர்ப்பு ஊடகம் ஆயிற்று. முயலிலிருந்து முயலுக்கு மாற்றிக்கொண்டே சென்றபோது நோயரும்பும் காலம் ஏறக்குறைய ஏழு நாள்களாகக் குறைந்து நிலைபெற்றது.

அரசுக் குழு

1884 மே மாதத்தில், குரங்குகளின் வழியே மாற்றி வலுவிழக்கச் செய்த காரணியால் நாய்களுக்கு நோய்த்தடுப்பு அளித்ததாகப் பாஸ்ச்சர் அறிவித்தார். பின்னர் கல்வி அமைச்சர் அர்மான் ஃபாலியேரிடம், தம் முடிவுகளைச் சரிபார்க்க ஒரு குழுவை அமைக்குமாறு தாமே கேட்டுக்கொண்டார். உடலியங்கியல் அறிஞர் பெக்லார், போல் பெர், கால்நடை மருத்துவர் பூலே, திசரான், வில்மேன், வுல்ப்பியான் ஆகியோர் உறுப்பினராயினர். தடுப்பளிக்கப்பட்ட 23 நாய்களையும் தடுப்பளிக்கப்படாத நாய்களையும் குழு வெறிநோய்க்கு உட்படுத்தியது. முதல் வகையில் ஒன்றுக்கும் நோய் காணவில்லை; இரண்டாம் வகையில் பெரும்பாலானவை நோயுற்றன. ஆகஸ்ட் மாதம் குழு தன் சாதகமான அறிக்கையை அளித்தது.

மேலும் பல நாய்களை வைத்து ஆராய இடம் தேவைப்பட்டது. மேடான் காட்டில் நாய்க்கூடம் அமைக்கும் திட்டத்தை அப்பகுதி மக்கள் எதிர்த்தனர். எனவே செயின்ட் கிளவுட் அருகே அரசுக்குச் சொந்தமான வில்நேவ் லெத்தான் நிலம் ஒதுக்கப்பட்டது. அங்கும் எதிர்ப்பு எழுந்தது, அரசு பின்வாங்கவில்லை. வெறிநாய்கள் நிறைந்த கூடம் தம் ஊரருகே வருவதை எவர்தான் விரும்புவர்?

இதற்கிடையே பாஸ்ச்சர் முறையை மாற்றிவிட்டார். நோயால் இறந்த முயலின் தண்டுவடத்தை, ஈரத்தை உறிஞ்சும் பொட்டாசு இட்ட குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினால், நாள் செல்லச் செல்ல அதன் நச்சுத்தன்மை குறைந்து சுமார் இரண்டு வாரத்தில் இல்லாமல் போயிற்று. மிகவும் உலர்ந்ததில் தொடங்கி, நாள்தோறும் புதியதை நோக்கிச் செல்லுமாறு ஊசி போடுவதே புதிய முறை. ஆக, அரசுக் குழு சரிபார்த்தது ஒரு முறை. மனிதருக்கு முதலில் பயன்பட்டது வேறொரு முறை. இவ்வேறுபாடு அன்று பொதுமக்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

யோசப் மைஸ்டர்

1885 ஜூலை 4 அன்று, அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த அல்சாசு பகுதியில் யோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனை வெறிநாய் ஒன்று பல இடங்களில் கடித்தது. ஜூலை 6 அன்று தாய் அவனைப் பாரிசுக்கு அழைத்து வந்தார். பாஸ்ச்சர் மருத்துவர் அல்லர். ஊசி போட அவருக்குச் சட்டப்படி உரிமையில்லை. குழுவின் உறுப்பினராக இருந்த வுல்ப்பியானும் மருத்துவர் கிரான்ஷேயும் சிறுவனின் நிலை நம்பிக்கையற்றது என்று கருதியதால், அன்று மாலையே கிரான்ஷே முதல் ஊசியைப் போட்டார். பத்து நாள்களில் 13 ஊசிகள் போடப்பட்டன. இறுதி ஊசியில் இருந்தது முழு வலிமையுள்ள தண்டுவடம். தடுப்பாற்றல் உண்டாகியிராவிட்டால் அந்த ஊசியே சிறுவனைக் கொன்றிருக்கும். சிறுவன் பிழைத்தான்.

அக்டோபரில், பிற சிறுவர்களைக் காக்க வெறிநாயோடு போராடிக் கடிபட்ட 15 வயது மேய்ப்பன் ழான் பத்தீஸ்த் ஜுப்பீய் இரண்டாவதாக மருத்துவம் பெற்றுப் பிழைத்தான். அக்டோபர் 26 அன்று அறிவியல் கழகத்தில் பாஸ்ச்சர் முறையை வெளியிட்டார். அதன்பின் உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வரத் தொடங்கினர். கடிபட்டு 37 நாள்களுக்குப் பின் கொண்டுவரப்பட்ட 10 வயதுச் சிறுமி லூயிஸ் பெல்த்தியே டிசம்பரில் இறந்தாள். காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தும் பெற்றோரின் வேண்டுதலை மறுக்க முடியாமல் பாஸ்ச்சர் ஏற்ற நோயாளி அவள். 1886 மார்ச்சில் ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் பகுதியிலிருந்து ஓநாய் கடித்த 19 பேர் வந்தனர். மூவர் இறந்தனர், 16 பேர் பிழைத்தனர்.

எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. வெறிநாய் கடித்த எல்லாருக்கும் நோய் வருவதில்லை. எனவே பிழைத்தவர்கள் அனைவரும் ஊசியால்தான் பிழைத்தனர் என்று கூற முடியாது. இது நியாயமான வாதமே. மருத்துவக் கழகத்தில் மிஷேல் பீட்டர், இம்மருத்துவமே சிலரைக் கொன்றது என்றும் குற்றம் சாட்டினார். இங்கிலாந்து அரசு 1886இல் ஜேம்ஸ் பாஜட் தலைமையில் லிஸ்டர், விக்டர் ஹார்ஸ்லி முதலியோர் அடங்கிய குழுவை அமைத்தது. ஹார்ஸ்லி ஆய்வுகளைத் தாமே மீண்டும் செய்து பார்த்தார். 1887இல் குழு பாஸ்ச்சரின் முறை பயனுள்ளது என்று உறுதிசெய்தது. ஆனால் நாய்களுக்கு வாய்ப்பூட்டு இடுவதையும் வெளிநாட்டு நாய்களைத் தனிமைப்படுத்துவதையும் பரிந்துரைத்தது. அவ்வழியில் சென்ற இங்கிலாந்து 1902இல் நாட்டிலிருந்தே நோயை ஒழித்தது. (முதல் உலகப்போரின் முடிவில் நோய் மீண்டும் நுழைந்து, 1922இல் மறுபடி ஒழிக்கப்பட்டது.)

பாஸ்ச்சர் நிறுவனமும் இறுதிக்காலமும்

நாள்தோறும் பெருகிய நோயாளிகளுக்குத் தனி நிறுவனம் தேவைப்பட்டது. இதற்கு அரசின் கருவூலத்தை மட்டும் நம்பாமல் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. சுமார் 25 லட்சம் பிராங்கு சேர்ந்தது. ரஷ்யப் பேரரசர் 100,000 பிராங்கு அளித்தார். சிற்றூர் மக்களும் தம்மால் இயன்ற சிறு தொகைகளை அனுப்பினர். 1888 நவம்பர் 14 அன்று குடியரசுத் தலைவர் சாடி கார்னோ முன்னிலையில் பாஸ்ச்சர் நிறுவனம் திறக்கப்பட்டது. முந்தைய ஆண்டு மீண்டும் பக்கவாதத்தால் தாக்கப்பட்டிருந்த பாஸ்ச்சரால் தம் உரையைப் படிக்க முடியவில்லை, மகன் படித்தார். ஆய்வுக்கூடம் கேட்டு அலைந்தவருக்குத் தம் பெயரிலேயே ஒன்று அமைந்தபோது அதில் பணிசெய்ய உடலில் வலுவில்லை.

1895 செப்டம்பர் 28 அன்று, அரசு நாய்க்கூடங்களுக்கென ஒதுக்கிய அதே வில்நேவ் லெத்தானில் பாஸ்ச்சர் காலமானார். நோத்ர் டாம் பேராலயத்தில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. நாட்டுப் பெரியோர்க்கான பாந்தியோன் மண்டபத்தில் இடமளிக்க அரசு முன்வந்தும், குடும்பத்தாரின் விருப்பப்படி உடல் பாஸ்ச்சர் நிறுவனத்தின் நிலவறையில் வைக்கப்பட்டது. யோசப் மைஸ்டர் பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் காவலாளியாகப் பணியாற்றி 1940 ஜூனில் தற்கொலை செய்துகொண்டார். ஜெர்மன் படையினர் கல்லறையைத் திறக்கச் சொன்னதால் அவ்வாறு செய்தார் என்று பரவலாகக் கூறப்படும் கதைக்குச் சான்று இல்லை. போரில் தம் குடும்பம் இறந்துவிட்டதென்று எண்ணியதே காரணம் என்பதற்குச் சான்று உண்டு.

ஆய்வுக் குறிப்பேடுகள்

தம் குறிப்பேடுகளை எவருக்கும் காட்டலாகாது என்று பாஸ்ச்சர் குடும்பத்தாரிடம் கூறியிருந்தார். 1964இல் பேரன் அவற்றைப் பிரெஞ்சு தேசிய நூலகத்துக்கு வழங்கினார். அவற்றை ஆராய்ந்த அறிவியல் வரலாற்றாசிரியர் ஜெரால்ட் கீசன் 1995இல் ஒரு நூல் வெளியிட்டார். மைஸ்டருக்கு முன்பே 1885இல் இருவருக்குப் பாஸ்ச்சர் வேறு முறையில் ஊசி போடச் செய்ததும், அவர்களுள் ஒரு சிறுமி இறந்ததும், மைஸ்டருக்குப் பயன்படுத்திய முறையின் நாய்ச் சோதனைகள் அப்போது முடிவடையாமல் இருந்ததும் அதில் வெளிவந்தன. நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பெருட்ஸ் இந்நூலை மறுத்து எழுதினார். கடிபட்ட சிறுவனைக் கைவிடுவதும் ஒரு முடிவே என்பது பாஸ்ச்சர் தரப்பின் வாதம். சோதனை முடிந்ததைப் போன்ற தோற்றத்தை உலகுக்குத் தந்தது சரியா என்பது மறுதரப்பின் கேள்வி. இவ்விரண்டும் ஒன்றையொன்று முழுமையாக மறுப்பவை அல்ல.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் பாஸ்ச்சர் நிறுவனம் 1900இல் கசௌலியில் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவில் கடிபட்டோர் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியிருந்த நிலை, 1907இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் தென்னிந்திய பாஸ்ச்சர் நிறுவனம் தொடங்கியபின் மாறியது. 1977 முதல் இது இந்திய பாஸ்ச்சர் நிறுவனம் என்ற பெயரில் நடுவண் அரசின் கீழ் தன்னாட்சி நிறுவனமாக இயங்குகிறது.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல், ஆட்டு மூளையில் வளர்த்த தீ நுண்மத்தை பினாலால் செயலிழக்கச் செய்து தடுப்பூசி தயாரித்தார். உயிருள்ள தீ நுண்மத்தை உடலில் செலுத்தும் இடர் இதனால் நீங்கியது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று தமிழ்நாட்டில் பல தலைமுறைகள் அஞ்சியது இத்தடுப்பூசியைத்தான். அச்சத்துக்கு வலி மட்டும் காரணமன்று. ஊசியில் கலந்திருந்த ஆட்டு மூளையின் நரம்புறைப் பொருளை எதிர்த்து உருவாகும் தடுப்பாற்றல், சிலருக்கு அவர்தம் மூளையையும் தண்டுவடத்தையுமே தாக்கி வாதத்தை உண்டாக்கியது. மூளையைக் காக்கப் போட்ட ஊசியே அரிதாக மூளைக்குக் கேடாயிற்று. உயிரணு வளர்ப்பில் தயாராகும் தடுப்பூசிகளில் நரம்புப்பொருள் இல்லை. இவை கையில் போடப்படுகின்றன, ஊசிகளின் எண்ணிக்கையும் குறைவு. இந்தியாவில் நரம்புத்திசுத் தடுப்பூசியின் பயன்பாடு 2004ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்டது.